கிளெண்டா பர்க்கிஸின் இடது கை

பெக்ஸ்ஹில் கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி நிற்கும் சீகேட் கோர்ட் என்ற அடுக்குவீட்டில், மூன்றாம் எண் சமையலறை அலமாரியில் பீங்கான் தட்டுகளுக்குப் பதிலாகக் காகிதக் கோப்புகள் இருந்தன. தட்டுகள் நான்கே நான்கு; அவை கழுவுதொட்டியின் ஓரத்திலேயே கிடந்து காயும். ஒருத்திக்கு நான்கு தட்டுப் போதும் என்பது கிளெண்டா பர்க்கிஸின் கணக்கு. காகிதத்துக்கு அவளிடம் அப்படிக் கணக்கு எதுவும் கிடையாது. கெட்டில் வாங்கிய ரசீது, ஜன்னல் மாற்றிய கண்ணாடிக்காரன் கிறுக்கிக் கொடுத்த துண்டு, பல் மருத்துவர் அனுப்பிய நினைவூட்டல் என்று எதுவும் அவள் வீட்டுக் குப்பைக்கூடையை எட்டியதில்லை.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் அவளுடைய கணவன் ரே பர்க்கிஸ். கிராய்டனில் அவர்கள் பதினேழு ஆண்டு குடியிருந்த வீடு ரேயின் தகப்பனார் பெயரில் இருந்தது. கூரை மாற்றியதும், குளியலறை கட்டியதும், தவணை அடைத்ததும் கிளெண்டாவின் சம்பளத்தில். மணமுறிவு வழக்கில் நீதிபதி மரியாதையாகத்தான் கேட்டார்: இதற்கெல்லாம் ஏதாவது ஆதாரம் உண்டா? உப்புக்குக்கூட ஒரு துண்டுச் சீட்டு இல்லை. சமையலறைத் திரைகூடத் தன்னுடையது என்று அவளால் காட்ட முடியவில்லை. இரண்டு பெட்டியும் ஒரு கெட்டிலுமாகத் தெருவுக்கு வந்தாள். கணவனின் பெயரை மட்டும் அவள் விடவில்லை. அன்பினால் அன்று, தன் வங்கிப் புத்தகத்திலிருந்து ஓட்டுநர் உரிமம் வரை எல்லாம் அந்தப் பெயரில் இருந்ததனால்.

அதன்பின் ஈஸ்ட்போர்ன் பேருந்துப் பணிமனையில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காத்து வைத்துத் திருப்பித் தரும் கவுண்டரில் அவளுக்கு வேலை கிடைத்தது. குடை, பல்செட், ஒருமுறை உயிருள்ள ஆமை. எது வந்தாலும் சீட்டுக் கட்டி அலமாரியில் ஏற்றுவாள். தன்னுடையது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் கதை கதையாய் அளப்பார்கள். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கைப்பிடி என்ன நிறம் என்று மட்டும் கேட்பாள்.

அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் நாற்பத்திரண்டாவது வயதில் சீகேட் கோர்ட் வீட்டை வாங்கினாள். வாங்கிய அன்றே வக்கீல் சொன்னார்: சுவரும் கூரையும் மண்ணும் மனைக்காரருக்கு, அதற்குள் இருக்கும் ஆண்டுகள் உங்களுக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதாம் ஆண்டு, ஜூன் இருபத்துநான்காம் தேதி தொடங்கிய நூற்றிருபத்தைந்து ஆண்டுக் குத்தகை அது. ஆண்டுதோறும் அதே தேதியில் சிறு நிலவாடகை கட்ட வேண்டும். குத்தகை தீரும் நாளில் வீடு மனைக்காரரிடம் திரும்பிப் போகும். அன்றைக்கு நூற்றுநான்கு ஆண்டு பாக்கி இருந்தது. அதற்கு முன் நான் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டாள்.

மனைக்காரர் டெஸ்மண்ட் ஆல்வுட். கட்டடம் அவருடைய தகப்பனார் கட்டியது. கிறிஸ்துமஸ் வந்தால் எட்டு வீட்டுக்கும் பிஸ்கட் டின்னோடு தாமே படியேறி வந்து, குழாய் ஒழுகுகிறதா, முழங்கால் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் மனிதர். ஊரின் புல்தரைப் பந்துருட்டு மன்றத்துக்கும் அவரே தலைவர். பணி ஓய்வுக்குப் பிறகு கிளெண்டாவும் அந்த மன்றத்தில் சேர்ந்திருந்தாள். இரண்டாம் எண் வீட்டு நோரா ஃபிட்ச்தான் அவளை அங்கே இழுத்துக்கொண்டு போனவள். ஆட்டத்தில் அவளுக்கு ஜோடியும் நோராதான்.

நோராவின் கட்சி என்னவென்றால், உலகத்தில் எதுவும் சத்தம் போட்டு வாங்கத் தகுந்ததன்று என்பது. கடையில் சில்லறை குறைத்துக் கொடுத்தால்கூட, அந்தப் பையனுக்கு என்ன கஷ்டமோ என்று வந்துவிடுவாள். எழுபத்தோரு வயதில் யாரோடும் மனத்தாங்கல் இல்லாமல் வாழ்ந்துவிட்டதில் அவளுக்குப் பெருமை.

இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஐந்தாம் எண் வீட்டு இளம் தம்பதி வீட்டை விற்கப் பார்த்தார்கள். விலை பேசி, கை குலுக்கி, வாங்குகிறவர்கள் திரைக்குக்கூட அளவெடுத்துவிட்டுப் போன பிறகு, பேரம் முறிந்தது. குத்தகை சீக்கிரமே எண்பது ஆண்டுக்குக் கீழே போகப் போகிறது என்று அவர்களுக்குக் கடன் கொடுக்க இருந்தவர்கள் பின்வாங்கிவிட்டார்களாம். மாடிப்படியில் அந்தப் பெண் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளெண்டா அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, மறுநாள் நூலகத்துக்குப் போனாள்.

பத்து நாள் அங்கே உட்கார்ந்து படித்ததில் அவளுக்குப் புரிந்தது இவ்வளவுதான். குத்தகையை இன்னும் தொண்ணூறு ஆண்டு நீட்டித்துத் தரும்படி கேட்க அவளுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மனைக்காரர் மறுக்க முடியாது, விலை மட்டும் பேசலாம். பாக்கி எண்பதுக்கு மேல் இருக்கும்போது கேட்டால் ஒரு விலை. எண்பதைத் தொட்டுவிட்டால், நீட்டிப்பதனால் வீட்டுக்கு ஏறும் மதிப்பில் பாதியையும் சேர்த்து மனைக்காரருக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த ஜூன் இருபத்துநான்கு அந்த எல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் விலைக்கு அவளுடைய சேமிப்பு எட்டும். அந்தப் பக்கத்து விலைக்கு ஒருநாளும் எட்டாது.

"உனக்கு வயசு அறுபத்தஞ்சு. எண்பது வருஷம் பத்தாதா? நூத்தி நாப்பத்தஞ்சு வயசுல எங்க குடி போகப்போற?" என்று நோரா சிரித்தாள்.

"எனக்குப் பத்தும், நோரா. நான் விழுந்து கிடந்தா என்னை ஒரு முதியோர் விடுதியில சேக்கணுமே, அதுக்கு இந்த வீட்டத்தான் விக்கணும். குத்தகை தேஞ்சுபோன வீட்ட யார் வாங்குவா? ஒரு தடவ வெறுங்கையோட தெருவுக்கு வந்தாச்சு. மறுபடி வர மாட்டேன்."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆல்வுட் பிஸ்கட் டின்னோடு வந்தபோது கிளெண்டா விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தில் ஒரு சுணக்கமும் இல்லை. நல்ல யோசனை, நானே சொல்ல நினைத்திருந்தேன் என்றார். நமக்குள் எதற்கு வக்கீலும் செலவும், வசந்தம் வரட்டும், உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார். போகும்போது அவள் தோளைத் தட்டி, "என்கிட்ட விட்டுடுங்க, கிளெண்டா," என்றார்.

அங்கேதான் அவள் ஏமாந்தாள். அந்த ஊரில் ஒருவர் ‘என்கிட்ட விட்டுடுங்க’ என்று சொன்னபின் மறுபடி போய்க் கேட்பது, அவரைப் பொய்யர் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்குச் சமம். பணிமனையில் யாருடைய பேச்சையும் நம்பாமல் கைப்பிடி நிறம் கேட்டவள், இங்கே வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள். சாலையில் பார்த்தால் அவர் கையசைப்பார், அவளும் அசைப்பாள். மார்ச்சில் அவருக்கு முழங்கால் வலி. ஏப்ரலில் கணக்கர் ஊரில் இல்லை. ஆட்டப் பருவத்துக்கு மன்றம் திறந்தபின் வாரம் இருமுறை பார்த்துக்கொண்டார்கள். அவர் புல்லின் ஈரத்தைப் பற்றியும் கடற்பறவைகள் செய்யும் அசிங்கத்தைப் பற்றியும் பேசினார்.

பந்துருட்டுப் பந்தின் ஒரு பக்கம் சற்றே கனத்தது. அது நேராக ஓடாது. எங்கேயோ போவதுபோல் போய், கடைசியில் வளைந்து வந்து வேண்டிய இடத்தில் நிற்கும். ஆல்வுட்டின் பேச்சும் அப்படி ஓடுகிறது என்பது கிளெண்டாவுக்கு உறைத்தபோது மே மாதம் பாதி தாண்டியிருந்தது. அப்போதுதான் அவரிடமிருந்து ஒரு தாளும் வந்தது. தேதி போடாத, கையெழுத்தில்லாத, அன்பான தாள். நீட்டித்துத் தருகிறேன், ஆனால் நிலவாடகை பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்று அதில் இருந்தது. அவசரமில்லை, கோடையில் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது.

அந்த ஊரில் கோடை என்றால் ஜூலை, ஆகஸ்ட்; அதற்குள் எல்லை தாண்டியிருக்கும். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கிளெண்டா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

செருப்புக்கடைக்கு மேல்மாடியில் ஹன்னா ப்ரைஸ் என்ற வக்கீல் இருந்தாள். முப்பது வயது இருக்கலாம். இப்படிப்பட்ட வழக்குகள் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிளெண்டா கொண்டுபோன கோப்புக்கட்டை நன்றியோடு ஓரமாக வைத்துவிட்டு, குத்தகைப் பத்திரத்தை மட்டும் கேட்டாள். பிறகு வேலையைத் தொடங்கினாள். மனைக்காரர் நாள் கடத்துவது எதற்கு என்று விளக்கினாள். எண்பதைத் தொட்டால் பாதி கொடுக்க வேண்டிய அந்த மதிப்பேற்றத்துக்குச் சட்டத்தில் கல்யாண மதிப்பு என்று பெயர். மண்ணும் குத்தகையும் ஒன்று சேர்வதனால் வரும் லாபமாம்.

கிளெண்டா வெகுநேரம் சிரித்தாள். ஹன்னாவுக்குக் காரணம் தெரியவில்லை.

"போன கல்யாணத்துக்கு முழுசையும் குடுத்தேன், கண்ணு. இந்தக் கல்யாணம் எனக்குத் தெரியாமலே நடந்திருக்கு. இதுக்கு ஒரு காசு குடுக்க மாட்டேன்."

நீட்டிப்புக் கேட்கும் அறிவிப்பு தயாராயிற்று. ஜூன் இருபத்துநான்குக்கு முன் அது ஆல்வுட்டிடம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். நோராவுக்கும் ஒன்று எழுதச் சொன்னாள் கிளெண்டா. இருவர் குத்தகைக்கும் ஒரே தேதி, வீடும் ஒரே அளவு. நோரா தன்னுடையதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கடிகாரத்துக்குப் பின்னால் செருகிவைத்தாள். டெஸ்மண்டின் மனைவியோடு முப்பது ஆண்டாகக் கேக் செய்முறை பரிமாறிக்கொண்டிருக்கிறேன், அவர் வீட்டுக்கு வக்கீல் கடிதம் அனுப்புவேனா என்றாள்.

கிளெண்டாவின் அறிவிப்பு பதிவுத் தபாலில் போய், வாங்க ஆளில்லை என்ற முத்திரையோடு திரும்பியது. ஹன்னா ஓய்வுபெற்ற காவலர் ஒருவரை நேரில் அனுப்பினாள். இரண்டு முறை போனார். ஆல்வுட் நார்ஃபோக்கில் தம் சகோதரி வீட்டுக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்று திருமதி ஆல்வுட் கதவிடுக்கில் நின்று சொன்னாள். இரண்டாம் முறை காவலருக்கு ஒரு துண்டுக் கேக்கும் கொடுத்து அனுப்பினாள்.

தபாலில் போட்டதே போதும் என்று வழக்காட முடியும் என்றாள் ஹன்னா. ஆனால் வரவேயில்லை என்று அவர் சாதித்தால் வழக்கு இழுக்கும். இழுக்கிற வழக்குக்குச் செலவு யார் செய்வது? "அவர் கையிலயே குடுத்துட்டா பேச்சே இல்ல, மிஸஸ் பர்க்கிஸ். வாங்க மாட்டேன்னா, இது இன்னதுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுக் காலடியில வச்சிடணும். பக்கத்துல யாராவது பாத்திருக்கணும். ஆனா ஆள் எங்க இருக்காருன்னு தெரிஞ்சாத்தானே?"

ஆள் எங்கே இருப்பார் என்பது மன்றத்துப் பலகையில் மூன்று வாரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஜூன் இருபது, சனிக்கிழமை, தலைவர் நாள். ஆண்டுக்கு ஒருமுறை அன்றைக்குத் தலைவரின் அணி ஒரு பக்கம், மற்ற உறுப்பினர் எல்லாரும் மறு பக்கம் நின்று ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முன் தலைவர் புல்தரையின் விளிம்பில் நின்று ஒவ்வொருவர் கையையும் குலுக்குவார். மன்றம் தொடங்கிய நாளிலிருந்து, போர்க்காலத்திலும்கூட, அந்த வழக்கம் தவறியதில்லை. நார்ஃபோக்கில் மட்டுமல்ல, நிலாவிலேயே இருந்தாலும் டெஸ்மண்ட் ஆல்வுட் அன்றைக்கு வந்தே தீருவார்.

வெள்ளிக்கிழமை மாலை கிளெண்டா தன் எண்ணத்தைச் சொன்னதும் நோரா பின்னல் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தலைவர் நாள்லயா? புல்தரையிலயா? உனக்கென்ன பைத்தியமா?"

"வேற எங்க குடுக்க? கதவத் தட்டினா நார்ஃபோக்ங்கறாங்க."

"அதுக்காக? எல்லாரும் பாத்துக்கிட்டு இருப்பாங்களே."

"எல்லாரும் பாக்கணும், நோரா. யாரும் பாக்காம எங்கிட்டேருந்து ஒரு வீட்ட எடுத்தாச்சு."

கிளெண்டா போன பிறகு, நோராவின் வீட்டில் மாலைதோறும் ஒலிக்கும் வானொலி அன்றைக்கு ஒலிக்கவில்லை.

சனிக்கிழமை கடற்காற்று பலமாக இருந்தது. கொடி படபடத்தது. வெள்ளைக் கால்சட்டையும் வெள்ளைத் தொப்பியும் தட்டையான வெள்ளைக் காலணியுமாக உறுப்பினர்கள் வரிசையில் நின்றார்கள். சட்டைப் பொத்தானில் ரோஜா செருகி ஆல்வுட் விளிம்பில் நின்று, ஒவ்வொருவரிடமும் ஒரு வார்த்தை வேடிக்கையாகச் சொல்லிக் கை குலுக்கினார். வரிசை மெல்ல நகர்ந்தது. கிளெண்டாவுக்கு அடுத்து நோரா நின்றாள். எதிர்ப்பக்கப் பூச்செடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளெண்டாவின் முறை வந்தது. வலக்கையை நீட்டினாள். இடக்கையில் பழுப்பு உறை இருந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

ஆல்வுட்டின் கை பாதி வழி வந்தது. உறை கண்ணில் பட்டது. வந்த கை அப்படியே திரும்பியது. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு வேண்டாம், கிளெண்டா," என்றார் தாழ்ந்த குரலில். முகத்தில் புன்னகை அப்படியே இருந்தது. "இன்னிக்கு ஆட்ட நாள்."

கிளெண்டா தாழ்ந்த குரலில் பேசவில்லை. உரக்கக் கத்தவும் இல்லை. பணிமனைக் கவுண்டரில் வரிசையின் கடைசி ஆளுக்குக் கேட்கும்படி பேசுவாளே, அந்தக் குரலில் சொன்னாள். "இது சீகேட் கோர்ட் மூணாம் நம்பர் வீட்டுக் குத்தகைய நீட்டிக்கச் சொல்லிச் சட்டப்படி நான் குடுக்கற அறிவிப்பு. தபால்ல வந்தத நீங்க வாங்கல. வீட்டுக்கு வந்தவர்கிட்ட இல்லைன்னு சொல்ல வச்சீங்க. அதனால இங்க குடுக்கறேன்."

குனிந்து உறையை அவருடைய வெள்ளைக் காலணியின் மேலேயே வைத்தாள். காற்று அடித்துக்கொண்டு போகாதபடி, பையிலிருந்து தன் பந்துகளில் ஒன்றை எடுத்து அதன் ஓரத்தில் வைத்தாள். பிறகு நிமிர்ந்து மறுபடியும் வலக்கையை நீட்டினாள்.

அவர் அசையவில்லை. கை பின்னாலேயே இருந்தது. காலை எடுத்தால் உறை விழும். விழுந்தால் குனிய வேண்டிவரும். குனிந்தால் தொட்டதாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, மரம்போல் நின்றார். வரிசையில் சலசலப்பு எழுந்தது. அது கிளெண்டாவின் செய்கையைப் பற்றியதாகத்தான் தொடங்கியது. பின்வரிசையில் ஒருவர் ‘அநாகரிகம்’ என்று முணுமுணுத்தது தெளிவாகக் கேட்டது. ஆனால் நேரம் ஆக ஆக எல்லார் கண்ணும் உறையை விட்டு, அந்தரத்தில் நின்ற அவள் கையின் மேல் போய் நின்றன. சூழ்ச்சியையும் கஞ்சத்தனத்தையும் பெக்ஸ்ஹில் மன்னிக்கும். ஆட்டத்துக்கு முன் நீட்டிய கையைத் தொடாத தலைவரை அந்தப் புல்தரை கண்டதில்லை.

கிளெண்டாவின் தோள் வலித்தது. கையை மடக்கவில்லை. கிராய்டன் நீதிமன்றத்தில் வெறுமையாக இருந்த கை அது. இன்றைக்கு மாலை வரை நிற்பதானாலும் நிற்கட்டும் என்று இருந்தாள்.

"டெஸ்மண்ட்."

நோராவின் குரல் அது. அவள் இன்னும் பூச்செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா, டெஸ்மண்ட்."

ஆல்வுட் மெல்ல வலக்கையை முன்னே கொண்டுவந்தார். குலுக்கினார். பின் குனிந்து, பந்தை அவளிடம் கொடுத்துவிட்டு, உறையை எடுத்துக் கால்சட்டைப் பைக்குள் மடித்துச் செருகிக்கொண்டார். அடுத்து நோராவின் கையைக் குலுக்கினார். அவளிடம் வேடிக்கை வார்த்தை எதுவும் சொல்லவில்லை.

ஆட்டம் நடந்தது. கிளெண்டாவும் நோராவும் படுமோசமாகத் தோற்றார்கள்.

ஆட்டம் முடிந்ததும் தேநீர். அன்றைக்குப் பரிமாறும் முறை நோராவினுடையது. முட்டைச் சாண்ட்விச், வெள்ளரிச் சாண்ட்விச், ஜாம் தடவிய ஸ்கோன் ரொட்டி எல்லாம் தட்டுத் தட்டாக மேசைக்குப் போயின. தலைவர் மேசைக்கு அவளே தேநீர் கொண்டுபோனாள். கோப்பையை வைத்தாள், சர்க்கரையை நகர்த்தி வைத்தாள், ஸ்கோன் தட்டை வைத்தாள். தட்டுக்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"இது ரெண்டாம் நம்பர் வீட்டோடது, டெஸ்மண்ட்," என்றாள், பால் வேண்டுமா என்று கேட்கும் குரலில். "கையெழுத்துப் போட்டிருக்கேன். ஸ்கோன் ஆறிடும், சாப்பிடுங்க. உங்க வீட்டுக்காரம்மா செய்முறைதான்."

கிளெண்டாவைக் கடந்து சமையலறைக்குத் திரும்பும்போது, "பாத்தியா? சத்தமே போடாம குடுத்தேன்," என்று மட்டும் சொன்னாள்.

அதன்பிறகு நடந்தவை எல்லாம் வக்கீல்களின் வேலை. அறிவிப்பு முறைப்படி வந்து சேரவில்லை என்று ஆல்வுட்டின் வக்கீல் ஒரு கடிதம் எழுதினார். கொடுத்ததைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு மன்றமே வெள்ளை உடையில் நின்றது என்று ஹன்னா பதில் எழுதினாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது. மதிப்பீட்டாளர்கள் வந்து அளந்தார்கள், இலையுதிர் காலம் முழுக்க விலைக்கு மல்லுக்கட்டினார்கள். கிளெண்டா முதலில் சொன்னதைவிடச் சற்று அதிகமாகவும், ஆல்வுட் கேட்டதைவிட வெகு குறைவாகவும் முடிந்தது. சேமிப்பு ஏறக்குறையத் துடைத்தெடுத்தாற்போல் ஆயிற்று, ஆனால் எட்டியது.

எல்லாரும் அவள் பக்கம் வந்துவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. மன்றச் செயலாளர், ஆட்டத்துக்குப் புறம்பான காரியங்களைப் புல்தரையில் நடத்தலாகாது என்று அவளுக்கு ஒரு கண்டனக் கடிதம் அனுப்பினார். அதையும் அவள் கோப்பில் சேர்த்தாள். சில மாதம் சிலர் அவளோடு ஜோடி சேரத் தயங்கினார்கள். அவள் ஒரு நாள்கூட வராமல் இருக்கவில்லை. ஜோடி இல்லாத நாளில் ஓரத் தடத்தில் தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள். சீகேட் கோர்ட்டின் மற்ற ஆறு வீட்டுக்காரர்களில் ஒருவருக்கும் எல்லைக்குள் கேட்கக் கொடுத்துவைக்கவில்லை. ஐந்தாம் எண் பெண் மட்டும் ஒரு நாள் படியில் நிறுத்தி, நீங்கள் எங்களுக்கும் சொல்லியிருக்கலாமே என்றாள். சொன்னேன், உன் கணவர் சிரித்தார் என்று கிளெண்டா சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதில் அவளுக்கு மகிழ்ச்சி இருக்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸுக்கும் பிஸ்கட் டின் வந்தது. ஏழு வீட்டுக்கு அவரே படியேறிக் கொடுத்தார். மூன்றாம் எண்ணுக்கு மட்டும் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். கிளெண்டா பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டாள். டின் ரசீதுகள் போட உதவிற்று.

வசந்தத்தில் புதிய குத்தகைப் பத்திரம் கைக்கு வந்தது. தொண்ணூறு ஆண்டு கூடியிருந்தது. நிலவாடகை இனி கிடையாது. அதற்குப் பதிலாக, அந்நாட்டு வழக்கப்படி, பெயருக்கு ஆண்டுக்கு ஒரு மிளகு, அதுவும் கேட்டால் மட்டும் என்று எழுதியிருந்தது. கிளெண்டா அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். பிறகு கடைக்குப் போய் மிளகு வாங்கினாள். அதுவரை அவள் வீட்டில் பொடிதான் இருந்தது.

அந்த ஆண்டின் தலைவர் நாள் வந்தது. மறுபடியும் ஆல்வுட்தான் தலைவர். அவரை எதிர்த்து நிற்பது மரியாதையில்லை என்று யாரும் நிற்கவில்லை. வெள்ளை வரிசை நகர்ந்தது. கிளெண்டாவின் முறை வந்தபோது, இந்தத் தடவை அவர் கைதான் முதலில் நீண்டது. அவள் குலுக்கினாள். ஆனால் அவர் கண் அவளுடைய இடக்கைக்குப் போவதைத் தடுக்க அவரால் முடியவில்லை. அந்தக் கை மூடியிருந்தது.

"இன்னிக்கு அதுல என்ன, கிளெண்டா?"

அவள் விரலைத் திறந்து காட்டினாள். உள்ளங்கை நடுவில் கறுப்பாக ஒரே ஒரு மிளகு இருந்தது.

"வருஷ வாடகை," என்றாள். "கேட்டாத்தான் குடுக்கணும்னு பத்திரத்துல இருக்கு. கேக்கறீங்களா?"

நோரா பின்னாலிருந்து இருமினாள். ஆல்வுட் மிளகைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், காற்றில் ஆடும் கொடியைப் பார்த்தார். கேட்கவில்லை.

கிளெண்டா மிளகைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தன் பந்தை எடுக்கப் போனாள்.